பந்தி எவ்வாறு அமைந்துள்ளது? – கிரகித்தல் வினாக்களுக்கு விடையளிக்கும் முறை

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் மகன் எமது மாலை வகுப்புக்கு வருகிறான். ஸ்டோருக்குள் கொழுந்து போவது முதல் தேயிலைத்தூள் பெட்டியில் அடைபடுவது வரை அவனுக்கு மனப்பாடம். ஒரு நாள் தேயிலை ஆக்கப்படும் விதம் பற்றிய பந்தி ஒன்றைக் கொடுத்து ஐந்து வினாக்கள் கேட்டோம். முதல் நான்குக்கும் சரியாக விடை எழுதினான். ஐந்தாவது வினா, "இப்பந்தி எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது?" என்பது. "தேயிலையின் சிறப்பைக் கூறுகிறது" என்ற தெரிவின் கீழ்க் கோடிட்டிருந்தான். ஏன் என்று கேட்டோம். "கடைசி வரியில நல்ல மணமுன்னு இருக்குதுங்களே சேர்" என்றான்.

அந்தப் புள்ளி தேயிலையைப் பற்றித் தெரியாததால் போகவில்லை. வினா எதைக் கேட்கிறது என்பது விளங்காததால் போனது. எமது தோட்டப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் புள்ளிகளை இழக்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, க.பொ.த. சாதாரண தரத் தமிழ் வினாத்தாள், அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் போட்டிப் பரீட்சைகள் என எங்கும் ஒரு பந்தியைத் தந்து வினாக் கேட்பது வழக்கம். ஆகவே, பந்தியின் அமைப்பைக் கண்டுகொள்ளும் முறையை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம். மாணவர்களுக்கு மட்டுமன்றி, மாலை வகுப்புகளை நடத்தும் இளைஞர், யுவதிகளுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

சொன்னது வேறு, சொன்ன முறை வேறு

ஒரே கருங்கல்லைக் கொண்டு மலைச்சரிவில் கல்வரம்பும் கட்டலாம், கோயிலுக்குப் படியும் கட்டலாம். கல் ஒன்றே, அடுக்கிய முறைதான் வேறு. பந்தியும் அவ்வாறே. அதிலுள்ள செய்திகள் கற்கள். அவற்றை எழுதியவர் எந்த ஒழுங்கில் அடுக்கினார் என்பதே பந்தியின் அமைப்பு.

"வாட்டிய பின் கொழுந்துக்கு என்ன நடக்கிறது?" என்ற வினா செய்தியைக் கேட்கிறது. அதற்குரிய விடை ஒரு வரியில் கிடைத்துவிடும். "பந்தி எவ்வாறு அமைந்துள்ளது?" என்ற வினாவோ அடுக்கிய முறையைக் கேட்கிறது. இதற்கு எந்த ஒரு வரியிலும் விடை இல்லை. எல்லா வரிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெரியும். எமது மாணவன் கடைசி வரியை மட்டும் பார்த்தான், அதனால் தவறினான்.

இது எங்கிருந்தோ புதிதாக வந்த பாடம் அன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், நல்ல நூலுக்குரிய பத்து அழகுகளுள் "முறையின் வைப்பு" என்பதையும் ஒன்றாகச் சொன்னார். சொல்ல வேண்டியவற்றை உரிய ஒழுங்கில் வைப்பதே அது. அவர் தரும் 32 உத்திகளுள் நுதலிப் புகுதல், தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், முடித்துக் காட்டல் என்பனவும் உள்ளன. சொல்லப்போவதை முதலில் கூறித் தொடங்குவது, மொத்தமாகச் சொல்வது, பிரித்து விளக்குவது, முடிவு காட்டுவது என்பன அவற்றின் பொருள். இன்றைய வினாத்தாள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

அடிக்கடி வரும் ஆறு ஒழுங்குகள்

பரீட்சைக்கு வரும் சிறு பந்திகளுள் பெரும்பாலானவை பின்வரும் ஆறு ஒழுங்குகளுள் ஒன்றில் அடங்கும். எமக்குத் தெரிந்த விடயங்களைக் கொண்டே இவற்றைப் பார்ப்போம்.

1. படிமுறை அல்லது கால ஒழுங்கு

"பறித்த கொழுந்து முதலில் காற்று வீசும் தட்டுகளில் பரப்பி வாடவிடப்படுகிறது. நன்கு வாடிய பின் உருளை இயந்திரத்தில் இட்டுச் சுருட்டப்படுகிறது. அதன்பின், நசுங்கிய இலை செம்பு நிறம் பெறும்வரை பரப்பி வைக்கப்படுகிறது. அடுத்து, சூடான காற்றில் உலர்த்தப்படுகிறது. இறுதியில் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. இவ்வாறு ஆக்கப்பட்ட தேயிலை நல்ல மணமும் நிறமும் கொண்டிருக்கும்."

முதலில், பின், அதன்பின், அடுத்து, இறுதியில் – இவை இந்தப் பந்தியின் ஆணிகள். ஒரு வரியை இடம் மாற்றினாலும் தேயிலை தேயிலையாக வராது. எமது மாணவன் தவறவிட்டது இந்தப் பந்தியைத்தான். கடைசி வரி மணத்தைச் சொன்னாலும், பந்தி முழுவதும் ஒரு செயன்முறையின் படிகளையே வரிசையாகக் கூறுகிறது.

2. இட ஒழுங்கு

"ஹப்புத்தளையை விட்டு இறங்கும் புகையிரதம் தியத்தலாவையைக் கடந்து பண்டாரவளைக்கு வருகிறது. அதற்கு அப்பால் எல்ல. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. தெமோதரையில் பாதை சுற்றி வளைந்து, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கவழியாகச் செல்கிறது. ஹாலிஎலவைத் தாண்டியதும் 1924இல் பாதை வந்து முடிந்த பதுளை."

இங்கு ஓர் ஆண்டு இருக்கிறது. ஆனால் பந்தி காலத்தைப் பின்பற்றவில்லை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்கிறது. கடந்து, அப்பால், இடையில், கீழே, தாண்டியதும் என்ற சொற்கள் அதற்குச் சாட்சி.

3. வகைப்படுத்தல்

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலுள்ள விதைப்பவன் உவமையை நாம் எல்லோரும் அறிவோம். வழியோரம், கற்பாறை நிலம், முட்செடிகள் உள்ள இடம், நல்ல நிலம் என விதை விழுந்த இடங்கள் நான்காக வகுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் விதைக்கு நேர்ந்தது சொல்லப்படுகிறது. சற்றுப் பின்னர் அதே அதிகாரத்தில் உவமையின் விளக்கம் வரும்போதும் அதே நான்கும் அதே வரிசையில் வருகின்றன. ஒரு பகுதி வகுத்துச் சொல்ல, மற்றப் பகுதி அவ்வகைகளை ஒவ்வொன்றாக விளக்குகிறது. இரண்டு பந்திகளுக்கிடையிலான தொடர்பைக் கேட்கும் வினாக்களுக்கு இது சிறந்த உதாரணம்.

4. ஒப்பீடும் வேறுபாடும்

"திம்புள்ளையும் ஊவாவும் உயர்ந்த மலைத் தேயிலைக்குப் பெயர் பெற்றவை. திம்புள்ளை மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் உள்ளது. அங்கு ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்தில் சிறந்த தேயிலை கிடைக்கிறது. ஊவாவோ கிழக்குச் சரிவில் உள்ளது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும்போதே இங்கு மணம் மிக்க தேயிலை கிடைக்கிறது."

இரண்டு பொருள்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது முதலில் வருகிறது, வேறுபாடு பின்னர் வருகிறது. ஆனால், மாறாக, அதுபோல, "ஊவாவோ" என்பதில் வரும் ஓகாரம் என்பன இதன் அடையாளங்கள்.

5. காரணமும் விளைவும்

ஒன்று நடந்ததால் மற்றொன்று நடந்தது என்று செல்லும் ஒழுங்கு இது. ஆல், ஆகவே, எனவே, ஆகையால், இதன் விளைவாக, ஏனெனில் என்ற சொற்களைத் தேடுங்கள். சில பந்திகள் விளைவை முதலில் சொல்லிக் காரணத்தைப் பின்னர் சொல்லும். அப்போது "ஏனெனில்" என்ற சொல் நடுவில் நிற்கும். இவ்வொழுங்கைக் கீழே பயிற்சியில் விரிவாகப் பார்க்கலாம்.

6. பிரச்சினையும் தீர்வும்

"பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில் சரிவான நிலத்தில் மரக்கறி பயிரிடும்போது, மழை மேல்மண்ணை அள்ளிச் செல்கிறது. மண் போனால் உரமும் போகிறது. இதைத் தடுக்க, சரிவுக்குக் குறுக்காகச் சமவுயரக் கோட்டில் கிளிரிசீடியா போன்ற மரங்களை நெருக்கமாக நடலாம். அவற்றின் அடிமரம் மண்ணைத் தடுத்து நிறுத்தும். வெட்டிப் போடும் தழை உரமாகும். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் பப்டிஸ்ட் சபையினரின் கிராமிய வாழ்வு நிலையம் 1970களில் இத்தகைய முறையொன்றை உருவாக்கிப் பரப்பியது."

முதற்பாதி கஷ்டத்தைச் சொல்கிறது. பிற்பாதி வழியைச் சொல்கிறது. "இதைத் தடுக்க" என்ற இரு சொற்களே இரண்டையும் இணைக்கும் பாலம். இதைக் காரணம், விளைவு என்று எழுதிவிடுவது பலர் செய்யும் தவறு. மழையால் மண் போகிறது என்பது காரணமும் விளைவுந்தான். ஆனால் பந்தி அங்கே நிற்கவில்லை. மண்ணைக் காக்கும் வழியைக் கூறவே அது எழுதப்பட்டது.

விடை காணும் நான்கு படிகள்

படி 1: வினாவை முதலில் வாசியுங்கள். அது செய்தியைக் கேட்கிறதா, அமைப்பைக் கேட்கிறதா என்று தீர்மானியுங்கள். "எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது", "இரண்டாம் பந்தி முதற் பந்திக்கு எவ்வாறு துணை செய்கிறது", "ஆசிரியர் இவ்வுதாரணத்தை ஏன் தருகிறார்", "கீழுள்ள வாக்கியம் எவ்விடத்தில் பொருந்தும்", "வாக்கியங்களை ஒழுங்குபடுத்துக" – இவை யாவும் அமைப்பைக் கேட்கும் வினாக்கள்.

படி 2: பந்தியை வாசிக்கும்போது இணைப்புச் சொற்களின் கீழ்ப் பென்சிலால் கோடிடுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மீண்டும் ஒரு முறை வாசியுங்கள். பல பந்திகளில் முதல் வாக்கியம் வாசலையும் கடைசி வாக்கியம் போய்ச் சேரும் இடத்தையும் காட்டும்.

படி 3: ஒவ்வொரு பந்தியும் என்ன செய்கிறது என்பதை ஓரத்தில் இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள். "கோப்பி நோய்" என்று எழுதினால் அது செய்தி. "அழிவின் காரணத்தை விளக்குகிறது" என்று எழுதினால் அது அமைப்பு. விளக்குகிறது, ஒப்பிடுகிறது, உதாரணம் தருகிறது, மறுக்கிறது, வகுக்கிறது, தீர்வு கூறுகிறது என ஒரு வினைச்சொல் கட்டாயம் வரட்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 4: தெரிவுகளைப் பார்க்கும் முன், உங்கள் சொந்தச் சொற்களில் விடையைச் சொல்லிப் பாருங்கள். அதன்பின் தெரிவுகளை வாசித்து, உங்கள் விடைக்கு மிக நெருங்கியதைத் தெரிவு செய்யுங்கள். தெரிவுகளை முதலில் வாசிப்பவர், நான்கு பேர் நான்கு பக்கம் கைகாட்டும் சந்தியில் நிற்பவரைப் போலக் குழம்புவார்.

எழுத்தில் விடையளிக்க வேண்டிய வினாவாயின், இரண்டு வாக்கியங்கள் போதும். முதலாவது வாக்கியத்தில் ஒழுங்கின் பெயரையும், இரண்டாவதில் பந்தியிலிருந்து ஆதாரத்தையும் எழுதுங்கள். உதாரணமாக: "இப்பந்தி பிரச்சினையும் தீர்வும் என்ற ஒழுங்கில் அமைந்துள்ளது. முதலில் மண்ணரிப்பால் வரும் நட்டத்தைக் கூறி, பின்னர் அதைத் தடுக்கும் வழியைத் தருகிறது." ஆதாரம் இல்லாத விடை சாட்சி இல்லாத வழக்குப் போன்றது.

கவனிக்க வேண்டிய பொறிகள்

வினாத்தாள் தயாரிப்போர் பிழையான தெரிவுகளையும் சரி போலத் தோன்றுமாறே எழுதுவர். பெரும்பாலும் நான்கு விதமான பொறிகளைக் காணலாம்.

ஆண்டுப் பொறி: பந்தியில் ஆண்டுகளைக் கண்டதும் "கால ஒழுங்கு" என்று முடிவு செய்வது. ஆண்டுகள் எந்த ஒழுங்கிலும் வரலாம். அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவா, அவற்றைக் கொண்டே பந்தி நகர்கிறதா என்று பாருங்கள்.

ஒற்றை வரிப் பொறி: ஒரு வரிக்கு மட்டும் பொருந்தும் தெரிவை முழுப் பந்திக்கும் பொருத்துவது. எமது மாணவன் விழுந்த பொறி இது.

உண்மைப் பொறி: தெரிவு சொல்வது உண்மையே, ஆனால் பந்தி அதைச் சொல்லவில்லை. "தேயிலை இலங்கைக்கு அந்நியச் செலாவணி தருகிறது" என்பது உண்மை. அதற்காக அது விடையாகிவிடாது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குத் தேயிலை பற்றிய பந்தியில் இப்பொறி இன்னும் ஆபத்தானது. தெரிந்த விடயம் என்பதால் பந்தியை விட்டுத் தன் அறிவிலிருந்து விடை எழுதிவிடுகிறது.

அரைச் சரிப் பொறி: தெரிவின் முற்பாதி சரி, பிற்பாதி பிழை. "ஒரு பிரச்சினையைக் கூறி, அதற்கான மூன்று தீர்வுகளை ஒப்பிடுகிறது" என்ற தெரிவில், பந்தியில் ஒரே ஒரு தீர்வு மட்டும் இருந்தால் அத்தெரிவு முழுவதும் பிழை. தெரிவைக் கடைசிச் சொல் வரை வாசியுங்கள்.

பயிற்சி

கீழுள்ள பகுதியை வாசித்து வினாக்களுக்கு விடை தருக. விடைகளைப் பார்க்கும் முன் நீங்களே முயலுங்கள்.

"(1) 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைநாட்டின் பிரதான பயிர் கோப்பி. 1869இல் கோப்பி இலைகளில் துருப்போன்ற ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. நோய் பரவியதால் விளைச்சல் வீழ்ந்தது. விளைச்சல் வீழ்ந்ததால் தோட்ட உரிமையாளர் பலர் கடனில் மூழ்கினர். இதன் விளைவாகச் சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன.

(2) எனினும், அந்த நிலங்கள் வெறுமையாகக் கிடக்கவில்லை. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியை இழந்தவர்கள் அவரைப் பின்பற்றித் தேயிலைக்கு மாறினர். 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். ஊவா மலைகளும் தேயிலை மலைகளாயின.

(3) இம்மாற்றம் தொழிலாளரின் வாழ்வையும் மாற்றியது. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுள் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே, தொழிலாளர் குடும்பம் குடும்பமாக லயங்களிலேயே தங்கி வாழத் தொடங்கினர்."

வினா 1. முதற் பந்தி எவ்வாறு அமைந்துள்ளது?
(அ) இரு பயிர்களை ஒப்பிடுகிறது.
(ஆ) ஒரு விளைவு அடுத்த விளைவுக்குக் காரணமாவதைத் தொடர்ச்சியாகக் காட்டுகிறது.
(இ) ஒரு பிரச்சினையைக் கூறி அதற்குத் தீர்வு தருகிறது.
(ஈ) கோப்பி பயிரிடும் படிகளை வரிசைப்படுத்துகிறது.

வினா 2. இரண்டாம் பந்தி முதற் பந்தியுடன் எவ்வாறு தொடர்புபடுகிறது?
(அ) அதில் கூறியதைத் தவறு என மறுக்கிறது.
(ஆ) அதில் கூறியதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறது.
(இ) அதில் கூறிய அழிவின் இடத்தை எது நிரப்பியது எனக் காட்டுகிறது.
(ஈ) அதில் கூறிய நோயின் வகைகளை விளக்குகிறது.

வினா 3. 1867ஆம் ஆண்டை ஆசிரியர் இரண்டாம் பந்தியில் குறிப்பிடுவது ஏன்?
(அ) ஜேம்ஸ் டெய்லரின் வாழ்க்கை வரலாற்றைக் கூறுவதற்கு.
(ஆ) நோய் வரும் முன்னரே மாற்றுப் பயிர் ஒன்று வேரூன்றியிருந்ததைக் காட்டுவதற்கு.
(இ) கோப்பி நோய் தொடங்கிய ஆண்டைத் திருத்துவதற்கு.
(ஈ) லிப்டனையும் டெய்லரையும் ஒப்பிடுவதற்கு.

வினா 4. மூன்றாம் பந்தி எவ்வாறு அமைந்துள்ளது?
(அ) இரண்டு பயிர்களின் வேறுபாட்டைக் காட்டி, அதனால் வந்த ஒரு விளைவைக் கூறுகிறது.
(ஆ) இரண்டு பயிர்களின் வேறுபாட்டைக் காட்டி, எது சிறந்தது எனத் தீர்ப்பளிக்கிறது.
(இ) தொழிலாளர் வந்த பாதையை ஊர் ஊராக விபரிக்கிறது.
(ஈ) தொழிலாளரின் வேலைகளை வகைப்படுத்துகிறது.

விடைகளும் விளக்கமும்

வினா 1க்கு விடை (ஆ). நோயால் விளைச்சல் குறைவு, விளைச்சல் குறைவால் கடன், கடனால் அழிவு என்று சங்கிலி செல்கிறது. "பரவியதால்", "வீழ்ந்ததால்", "இதன் விளைவாக" என்பன சாட்சிகள். (இ)யைத் தெரிந்தவர்கள், தீர்வு முதற் பந்தியில் இருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். அது அடுத்த பந்தியில்தான் வருகிறது. வினா முதற் பந்தியை மட்டுமே கேட்டது.

வினா 2க்கு விடை (இ). "எனினும்" என்ற சொல்லைக் கண்டு (அ)வைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். "எனினும்" எப்போதும் மறுப்பைக் குறிப்பதில்லை. இங்கு அது திசை மாறுவதைக் காட்டுகிறது. கோப்பி அழிந்தது என்பதை இரண்டாம் பந்தி மறுக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

வினா 3க்கு விடை (ஆ). 1869ஐச் சொன்ன பின்னர் 1867க்குத் திரும்பி வருகிறார் ஆசிரியர். ஆண்டுகள் முன்பின்னாக வந்தால், அங்கே ஒரு நோக்கம் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். "1867இலேயே" என்பதிலுள்ள ஏகாரம்தான் திறவுகோல். ஓர் எழுத்து ஒரு புள்ளியைத் தரும்.

வினா 4க்கு விடை (அ). (ஆ)வின் முற்பாதியும் அதேதான்; பிற்பாதியில் பொறி இருக்கிறது. எந்தப் பயிர் சிறந்தது என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. "ஆகவே" என்று தொடங்கும் கடைசி வாக்கியமே பந்தி போய்ச் சேரும் இடம்.

இனி, மூன்று பந்திகளையும் சேர்த்து ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்: "ஒரு பயிர் அழிந்த காரணத்தையும், அதன் இடத்துக்கு மற்றொரு பயிர் வந்த விதத்தையும், அம்மாற்றம் மக்களின் வாழ்வைப் பாதித்த விதத்தையும் இப்பகுதி முறையே விளக்குகிறது." இப்படி ஒரு வரி எழுத முடிந்தால், சுருக்கம் எழுதும் வினாவுக்கும் பாதை திறந்துவிடும். சுருக்கம் என்பது வரிகளைக் குறைப்பது மட்டுமன்று. அமைப்பைக் காப்பாற்றிக்கொண்டு வரிகளைக் குறைப்பது.

வீட்டிலும் மன்றத்திலும் செய்யக்கூடியவை

இதற்குப் பணம் கொடுத்து வகுப்புக்குப் போக வேண்டும் என்பதில்லை. பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு உதவலாம். மாலையில் ரொட்டி சுடும்போது, அதன் படிகளை வரிசையாகச் சொல்லும்படி பிள்ளையிடம் கேளுங்கள். "மா பிசைந்தாய், பிறகு?" என்று கேட்பதே படிமுறை ஒழுங்குக்கான பாடம். "இந்த மாதம் கொழுந்து ஏன் குறைந்தது?" என்று கேளுங்கள், அது காரணமும் விளைவும். "பாட்டியின் காலத்து லயத்துக்கும் இப்போதைய வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள்; அது ஒப்பீடு. கவ்வாத்து வெட்டுவதைப் பற்றி ஓர் அப்பா தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அதைவிடச் சிறந்த படிமுறைப் பந்தி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இளைஞர் மன்றங்களுக்கு ஓர் இலகுவான விளையாட்டு: வீரகேசரி, தினகரன் போன்ற ஒரு பத்திரிகையிலிருந்து சிறு செய்தி ஒன்றை எடுத்து, வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்துக் கலந்துவிடுங்கள். இரண்டு குழுக்களாகப் பிரிந்து மீண்டும் அடுக்கட்டும். அடுக்கிய பின், "இந்த வாக்கியம் ஏன் இதற்குப் பின்னால் வர வேண்டும்?" என்று கட்டாயம் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் தடுமாறாது. வாரம் ஒரு பந்தி வீதம் மூன்று மாதம் செய்தால் பன்னிரண்டு பந்திகள் கையில் இருக்கும்.

பரீட்சைக்கும் அப்பால்

இவ்வளவு நேரம் புள்ளிகளைப் பற்றிப் பேசினோம். ஆனால், எழுதியதன் அமைப்பை அறிவது புள்ளிகளோடு முடிவதில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின், எமது முன்னோர் எத்தனையோ பேர் தாம் வாசித்தறிய முடியாத விண்ணப்பங்களில் கைநாட்டு வைத்தார்கள். எந்த நாட்டில் வாழ்வது, யாரைப் பிரிவது என்பவை அந்தத் தாள்களில் தீர்மானமாயின. இன்று சேமலாப நிதிப் படிவம், காணி உறுதி, வங்கிக் கடன் ஒப்பந்தம் என்பன எமது கைக்கு வருகின்றன. அவற்றில் எது நிபந்தனை, எது அதன் விளைவு என்று பிரித்தறியாமல் கையொப்பமிடுவதும் கைநாட்டுத்தான்.

மலையில் வாழும் எமக்கு இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, எமது பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. போவதற்கு வேறு வீடும் நிலமும் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பதை அன்று நாடு கண்டது. அந்த நியாயத்தை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். அதேவேளை, வரும் எச்சரிக்கையைச் சரியாக வாசிக்கவும் வேண்டும்.

அந்நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலைகளைக் கொண்டது. மஞ்சள் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாகச் சொல்கிறது. சிவப்பு உடனே வெளியேறச் சொல்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. மழை என்ற அளவுகளும் இதே படிகளில் ஏறுகின்றன. இது எந்த ஒழுங்கு? வகைப்படுத்தல் போலத் தோன்றும். ஆனால் மூன்றும் சமமானவை அல்ல. ஆபத்து ஒவ்வொரு படியாக ஏறுகிறது. மூன்று நிறங்களையும் மூன்று வகை என்று மட்டும் வாசித்தவர், மஞ்சளைக் கண்டதும் "இன்னும் ஒன்றுமில்லை" என்று இருந்துவிடலாம். படியேறும் ஒழுங்கு என்று வாசித்தவர், மஞ்சளிலேயே அடுத்த படியை நினைத்து, பிறப்புச் சான்றிதழையும் மருந்தையும் ஒரு பையில் எடுத்து வைப்பார்.

எமது மாலை வகுப்பு மாணவனிடம் இந்த அறிவித்தலைக் கொடுத்து, எவ்வாறு அமைந்துள்ளது என்று கேட்டோம். இம்முறை கடைசி வரியை மட்டும் பார்க்கவில்லை. மூன்று வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே வாசித்துவிட்டு, "மேல மேல போகுது சேர். ரெண்டாவது வர்றப்பவே ஆயாவைக் கூட்டிட்டுப் போயிறணும்" என்றான். அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தோம்.